படிவம் ஏ2042: போர்முனை வாழ்த்து அட்டை செய்வது எப்படி?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று கொடுத்தார்கள். படிவ எண் ஏ2042. ‘நான் நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உங்கள் கடிதம் / தந்தி / பார்சல் கிடைத்தது’ என்றெல்லாம் அதில் வரிகள் இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையாவது எழுதினால் அட்டையை அழித்துவிடுவார்கள். இந்த விறைப்பைக் கிண்டல் செய்யும் அட்டைகள் அப்போதே வந்துவிட்டன. படம் வரையத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வகை இது. பள்ளி வரலாற்றுக் கண்காட்சிக்கும் பொருத்தமாக இருக்கும்.

1. அட்டை

பழுப்பு நிறத் தடித்த தாளை 14 × 9 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். கறுப்பு ஜெல் பேனாவும் ஸ்கேலும் போதும்.

2. எச்சரிக்கை

மேலே ஒரு கட்டம் போட்டு, ‘இப்பக்கத்தில் தேதியும் கையொப்பமும் தவிர வேறெதுவும் எழுதலாகாது’ என்று எழுதுங்கள். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் போலவே இருக்கட்டும். இங்கே சிரிப்பு மூட்டப் பார்க்காதீர்கள். இந்த வரி எவ்வளவு முறைப்பாக இருக்கிறதோ, கீழே வருவது அவ்வளவு எடுபடும்.

3. வரிகள்

உயிர்நாடியே இதுதான், நிதானமாக யோசியுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதலில் படிவம் சொல்வது, சாய்கோட்டுக்கு அப்புறம் உண்மை நிலவரம்:

நான் நலமாக இருக்கிறேன் / நனைந்து இருக்கிறேன்.
உங்கள் பார்சல் எனக்கு / எலிகளுக்குக் கிடைத்தது.
இன்று சாப்பாட்டுக்கு ஜாம் / நேற்றைய ஜாம் / நாளைய ஜாம்.
கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பதிலோடு கேக் வராவிட்டால் அடுத்த அட்டை அழிக்கப்படும்.

சேறு, எலி, ஓயாமல் வந்த பிளம்-ஆப்பிள் ஜாம் என்று தாங்கள் பட்ட பாட்டைத்தான் சிப்பாய்கள் கேலி செய்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். செத்தவர்களையும் காயம்பட்டவர்களையும் தொடவே கூடாது. வீட்டில் அட்டையைப் பிரிப்பவர் ஒரு தாயாக இருக்கலாம். ‘கிண்டலடிக்கிறான், அப்படியானால் நன்றாகத்தான் இருக்கிறான்’ என்று அவர் மூச்சு விட வேண்டும்.

மாதிரி வேண்டுமென்றால் ‘வைப்பர்ஸ் டைம்ஸ்’ இதழைத் தேடிப் பாருங்கள். பெல்ஜியத்தின் இப்ர் நகர இடிபாடுகளில் கிடைத்த அச்சு இயந்திரத்தைக் கொண்டு, 1916-இல் பிரிட்டிஷ் படையினர் நடத்திய பத்திரிகை அது. குண்டுவீச்சில் கூரை போன துணி வணிக மண்டபத்தை ‘ஊரிலேயே காற்றோட்டம் மிகுந்த அரங்கம்’ என்று விளம்பரம் செய்தார்கள்! புலம்பல் ஒரு சொல்கூட இல்லை, ஆனால் நிலைமை அப்படியே புரிந்துவிடுகிறது.

4. அடித்தல்

ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடாக அடியுங்கள். அடித்த சொல்லும் படிக்கத் தெரிய வேண்டும், சிரிப்பு பாதி அதில்தான். ‘நலமாக இருக்கிறேன்’ என்பதை மட்டும் அடிக்காமல் விடுங்கள். அடித்தலிலேயே சேதி சொன்னவர்களும் உண்டு. ‘பின்தளத்துக்கு அனுப்பப்படுகிறேன்’ என்ற வரியை இரட்டைக் கோடு போட்டு அடித்திருந்தால், தான் போர்முனையில் இருப்பதாக அர்த்தம் என்று கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். உங்கள் அட்டையிலும் வீட்டாருக்கு மட்டும் புரிகிற மாதிரி அப்படி ஒன்றை ஒளித்து வையுங்கள்.

5. முடிப்பு

தேதி, கையெழுத்து மட்டும் போடுங்கள். தணிக்கை இருந்ததால் ஊர்ப் பெயரை எழுத விடமாட்டார்கள். முகவரி மறுபக்கம். ஊர் எழுத வேண்டுமென்றால் நீங்களும் அந்தப் பக்கத்தில் ‘எங்கோ பிரான்சில்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெல் மை நன்றாகக் காய்ந்த பிறகே அட்டையைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் கோடுகள் இழுகிவிடும்.