கொக்குவிலில் இருந்து ஒரு சொப்ட்போல் இரட்டை ஆட்டம் பார்ப்பது எப்படி

என் அக்காவின் மகள் ரொறன்ரோவில் வளர்ந்து, இப்போது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு சிறிய கல்லூரிக்காகச் சொப்ட்போல் ஆடுகிறாள். அவளுடைய ஆட்டங்களை மூன்று பருவங்களாக நானும் என் அம்மாவும் யாழ்ப்பாணத்திலுள்ள கொக்குவிலில் இருந்தே இணைய ஒளிபரப்பில் பார்த்து வருகிறோம். வெளிநாட்டில் விளையாடும் பேரப்பிள்ளையையோ பெறாமகளையோ இப்படிப் பார்க்க விரும்பியும், விதிகள் விளங்காமையாலும் நேரம் பிடிபடாமையாலும் பாதியில் விட்டுவிடும் உறவினர் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். இந்தக் குறிப்புகள் அவர்களுக்காகவே எழுதப்படுகின்றன.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். நாங்கள் மென்பந்து என்று சொல்வது டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டை. சொப்ட்போல் என்பது பேஸ்போலின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு விளையாட்டு. 1887 ஆம் ஆண்டு சிக்காகோவில் ஒரு மண்டபத்துக்குள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் தும்புத்தடிக் காம்பை மட்டையாகவும் கொண்டு அது தொடங்கியது. பெயரில் மென்மை இருந்தாலும் இன்றைய பந்து மென்மையானதன்று. 12 அங்குலச் சுற்றளவுள்ள, கடினமான, பளிச்சென்ற மஞ்சள் நிறப் பந்து அது. இரட்டை ஆட்டம் என்பது, அதே இரண்டு அணிகளும் அதே மைதானத்தில் ஒரே நாளில், ஏறத்தாழ அரை மணித்தியால இடைவெளியுடன் ஒன்றன்பின் ஒன்றாக ஆடும் இரண்டு முழு ஆட்டங்கள் ஆகும். சிறிய கல்லூரிகளின் லீக் போட்டிகள் பெரும்பாலும் இவ்வாறே நடைபெறுகின்றன.

இரட்டை ஆட்டத்தைப் பார்ப்பவர் மனத்தில் வைத்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அது இரண்டு ஆட்டங்களாகக் கணக்கிடப்பட்டாலும் ஒரே கதையாகவே நடக்கிறது. முதல் ஆட்டத்தில் யார் எத்தனை பந்து எறிந்தார், யார் எந்தப் பந்தில் ஏமாந்தார் என்பதெல்லாம் இரண்டாவது ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படுப்பவர், ஒரு நாடகத்தின் முதற்பாதியோடு எழுந்து போனவராகிறார். கீழே சொல்லப்படும் ஆயத்தங்கள் எல்லாம் இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பந்து வரை விழித்திருப்பதற்கானவையே.

நேரக் கணக்கில் இருந்து தொடங்குவோம். கல்லூரிப் பருவம் பெப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை நீள்கிறது. இதன் நடுவே, மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கர்களும் கனடியர்களும் தங்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள். அதற்கு முன்னர் கிழக்கு அமெரிக்காவின் நண்பகல் 12 மணி எங்களுக்கு இரவு 10.30, அதன் பின்னர் அதே நண்பகல் எங்களுக்கு இரவு 9.30. நான் முதல் வருடம் இதை அறியாமல் வழக்கம்போல் 10.30 இற்கு ஒளிபரப்பைத் திறந்தபோது நான்காவது இன்னிங்ஸ் முடிந்துகொண்டிருந்தது. பெறாமகள் அந்தப் பருவத்தில் அடித்த முதலாவது ஹோம் ரன்னை, கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அந்த அடியை, நாங்கள் பார்க்கவில்லை. அம்மா அதை இன்றும் சொல்லிக் கவலைப்படுவார். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையை வீட்டு நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டமிட்டு வையுங்கள். பிள்ளை மேற்குக் கரையில் ஆடுகிறாள் என்றால் இன்னும் மூன்று மணித்தியாலங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால், இரவு 9.30 இற்குத் தொடங்கும் இரட்டை ஆட்டம் அதிகாலை இரண்டு மணியளவில் முடியும். எனவே சனிக்கிழமைப் பகலை அதற்கேற்ப ஒழுங்கு செய்ய வேண்டும். சந்தையையும் சமையலையும் காலையிலேயே முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணித்தியாலமாவது படுத்தெழும்புங்கள். படுக்குமுன் கல்லூரியின் விளையாட்டு இணையத்தளத்தில் அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கு வசந்த காலத்தில் மழையும் குளிரும் ஆட்டங்களை அடிக்கடி இடம்மாற்றுகின்றன, சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்குத் தள்ளப்படுவதும் உண்டு.

ஒளிபரப்பைப் பொதுவாக ஆட்டம் நடைபெறும் கல்லூரியே வழங்கும். இணைப்பு அதே அட்டவணையில் இருக்கும். சிறிய கல்லூரிகள் பலவற்றில் இது இலவசம். மின்வெட்டு வந்தால் ரவுட்டர் நின்றுவிடும் என்பதால், கைத்தொலைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்து, அதில் டேட்டாவும் போட்டு வைத்திருப்பது நல்லது. இன்னொன்று: குடும்ப வட்ஸ்அப் குழுவை அந்த நேரத்தில் மூடி வையுங்கள். மைதானத்தில் நேரே நின்று பார்க்கும் அக்காவின் செய்தி, எங்கள் திரையில் பந்து எறியப்படுவதற்கு முன்னரே வந்து சேர்ந்துவிடுகிறது. ஒளிபரப்பு எப்போதும் பின்தங்கியே வரும்.

இனி விதிகள். கிரிக்கெட் தெரிந்த யாழ்ப்பாணத்தவருக்கு இந்த விளையாட்டு அந்நியமானதன்று. பாடசாலையில் எல்லே ஆடியவருக்கு இன்னும் எளிது, ஏனெனில் அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடிவருவது இரண்டிலும் உண்டு. ஓர் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு அணிகளும் மாறி மாறித் துடுப்பெடுத்தாடும். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அணி மாறும். விருந்தினர் அணி முதலில் ஆடும். ஐந்து இன்னிங்ஸுக்குப் பின் ஓர் அணி எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்களால் முன்னணியில் இருந்தால் ஆட்டம் அத்துடன் முடிவடையும்.

கிரிக்கெட் கண்ணை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. எங்கள் ஆட்டத்தில் துடுப்பாட்ட வீரர் எந்தத் திசையிலும் அடிக்கலாம். இங்கோ துடுப்பெடுத்தாடுபவர் அருகில் நிற்கும் தளமான ஹோம் பிளேட்டில் இருந்து விரியும் இரண்டு வெண்கோடுகளுக்கு உள்ளேதான் பந்து விழ வேண்டும். வெளியே விழுந்தால் அது ஃபவுல். முதல் இரண்டு ஸ்ட்ரைக்குகள் வரை ஒவ்வொரு ஃபவுலும் ஸ்ட்ரைக்காக, அதாவது துடுப்பெடுத்தாடுபவருக்கு எதிரான எண்ணிக்கையாக, எண்ணப்படும், அதன் பின் எத்தனை ஃபவுல் அடித்தாலும் எண்ணிக்கை நகராது. ஹோம் பிளேட்டுக்கு மேலாக, முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே வரும் பந்தை அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக். அந்த எல்லைக்கு வெளியே போகும் பந்தை விட்டால் அது 'போல்' என்று எண்ணப்படும். மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு, நான்கு போலில் முதலாம் தளத்துக்கு இலவச நடை. எனவே அடிக்காமல் நிற்பதும் இங்கே ஒரு திறமை. எட்டுப் பந்து, பத்துப் பந்து வரை நின்று பந்தெறிபவரைக் களைக்கச் செய்யும் வீராங்கனையை, டெஸ்ட் போட்டியில் புதிய பந்தைத் தாக்குப்பிடிக்கும் ஆரம்பத் துடுப்பாட்டக்காரரைப் போல எண்ணி மதியுங்கள்.

தளத்தில் நிற்கும் வீராங்கனை, பந்து எறிபவரின் கையை விட்டுப் பந்து நீங்கும் வரை தளத்தை விட்டுக் காலெடுக்கக் கூடாது, எடுத்தால் ஆட்டமிழப்பார். பந்துவீச முன்னரே கோட்டை விட்டு நகரும் மறுமுனைத் துடுப்பாட்ட வீரருக்கு நேரும் ஆபத்தை இதோடு ஒப்பிட்டால் விளங்கும். இன்னொரு விதி எங்களுக்கு வியப்பைத் தரும்: ஆட்டத்தைத் தொடங்கிய வீராங்கனை வெளியே எடுக்கப்பட்டாலும், துடுப்பாட்ட வரிசையில் தன் பழைய இடத்துக்கு ஒருமுறை திரும்பி வரலாம். ஆகவே பெறாமகளை வெளியே எடுத்துவிட்டார்களே என்று உடனே மனமுடைய வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் இதயம் பந்தெறிபவர்தான். அவர் கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்போரம் தாழ்வாகப் பந்தை விடுவிக்கிறார். பந்தெறியும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையிலான தூரம் 43 அடி. கிரிக்கெட் ஆடுதளத்தின் நீளம் 66 அடி. எறிபவர் முன்னோக்கிப் பாய்ந்தே எறிவதால் உண்மையான தூரம் இன்னும் குறைகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று கேட்டால் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்தக் குறுகிய தூரத்தில் துடுப்பெடுத்தாடும் பிள்ளைக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைந்த நேரம். அதற்குள் பந்து தாழுமா, மெதுவாக வருமா, மேலெழும்புமா என்று முடிவெடுக்க வேண்டும். தாழ்வாக விடப்பட்டுப் பின்சுழற்சியுடன் மேல்நோக்கி வரும் ரைஸ்போல் கிரிக்கெட்டில் இல்லாத அதிசயம். மட்டை அதற்குக் கீழே காற்றை வெட்டிப் போகும்போது, ஏமாற்றப்பட்டது திறமைக் குறைவால் அல்ல என்பதை அம்மாவுக்கு விளக்க எனக்கு ஒரு பருவம் பிடித்தது.

இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க ஒரே வழி, கையால் எழுதுவது. நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றும் இரண்டு நிறப் பேனைகளும் போதும். ஒரு பக்கத்தில் ஒன்பது துடுப்பாட்ட வீராங்கனைகளின் பெயர்களைக் கீழ்நோக்கி எழுதி, ஏழு நிரல்கள் கோடிடுங்கள். களத்தில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பந்தெறிபவர் 1, பின்னால் குந்தியிருக்கும் கட்சர் 2, முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களைக் காப்போர் முறையே 3, 4, 5, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையில் நிற்கும் ஷோர்ட் ஸ்டொப் 6, வெளிக்களத்தில் இடப்புறம் 7, நடு 8, வலப்புறம் 9. ஷோர்ட் ஸ்டொப் பந்தைப் பொறுக்கி முதலாம் தளத்துக்கு எறிந்து ஆட்டமிழக்கச் செய்தால் 6-3 என்று எழுதினால் போதும். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில 'கே' (K) எழுத்து. மட்டையை வீசாமலே நின்று ஆட்டமிழந்தால் அந்த எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். இவற்றோடு, எவரும் கேட்காவிட்டாலும், பந்தெறிபவர் ஒவ்வோர் இன்னிங்ஸிலும் எறிந்த பந்துகளை ஓரத்தில் எண்ணி எழுதி வையுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் அந்த ஓரக்குறிப்புகளே மிகவும் உதவும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவுக்குப் புட்டு, ஆட்ட நடுவே கொறிக்கக் கச்சானும் பருத்தித்துறை வடையும். புழுக்கொடியல் கிடைத்தால் தேங்காய்ச் சொட்டோடு அதை விட நல்லது வேறில்லை, ஏனெனில் மெல்ல மெல்ல நித்திரை வராது.

இடைவேளை வரும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். பெரும்பாலானோர் படுக்கப் போவது இப்போதுதான். போகாதீர்கள். எழுந்து முகம் கழுவி, இஞ்சி போட்டு வெறுந்தேநீர் வைத்து, அது கொதிக்கும் நேரத்தில் கொப்பியைத் திருப்பிப் பாருங்கள். முதல் ஆட்டத்தின் பந்தெறிபவர் எழுபது பந்தோடு எளிதாக முடித்தாரா, நூற்றைம்பது பந்து எறிந்து கடைசியில் தள்ளாடினாரா? முதல்வகையினர் இரண்டாவது ஆட்டத்தின் முடிவில், வெற்றியைக் காப்பதற்காக மீண்டும் வரக்கூடும். மற்றவரைப் பயிற்றுவிப்பாளர் பெரும்பாலும் தொடமாட்டார். எந்தத் துடுப்பாட்டக்காரி மெதுவான பந்தில் இரண்டு முறை ஏமாந்தார் என்று குறித்திருந்தால், எதிரணியின் இரண்டாவது பந்தெறிபவரும் அதையே எறிவார் என்று எதிர்பாருங்கள். அவர்களும் எங்களைப் போலவே குறித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பெறாமகள் கட்சர். பதினான்கு இன்னிங்ஸும் குந்தியிருப்பது முழங்காலுக்குக் கடினம் என்பதால், இரண்டாவது ஆட்டத்தில் பலமுறை அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளையை நிறுத்திவிட்டு, இவளை வேறோர் இடத்தில் ஆடவைப்பார்கள், அல்லது இருத்திவிடுவார்கள். முதல் வருடம் அப்படி இருத்திய நாட்களில் அம்மா மனம் சோர்ந்து போய்ப் படுத்துவிடுவார். இப்போது அவர் படுப்பதில்லை. களத்தோர இருக்கையில் இருந்தபடியே இவள் புதிய கட்சருக்கு என்ன சைகை காட்டுகிறாள், தோழிகளோடு சேர்ந்து எந்தப் பாட்டைக் கத்துகிறாள் என்பதைத் திரையின் ஓரத்தில் தேடிப் பார்க்கிறார். உறவினர் ஆடாத ஆட்டத்தைப் பார்க்கப் பழகுவதுதான் இந்த விளையாட்டை உண்மையாக நேசிக்கத் தொடங்குவது என்பது என் நம்பிக்கை.

இப்பிள்ளைகளுக்கு இந்த மைதானங்கள் தாமாகக் கிடைத்தவை அல்ல என்பதையும் அறிந்து பார்ப்பது நல்லது. கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்கா 1972 இல் இயற்றிய சட்டத்தின் பின்னரே கல்லூரிகளில் பெண்களுக்கான விளையாட்டு அணிகள் பெருகின. 1982 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பெண்கள் சொப்ட்போலுக்குத் தேசியப் போட்டி நடத்துகிறது. முதலாம் பிரிவின் இறுதிக் கட்டத்தில் எட்டு அணிகள் ஒக்லஹோமா நகரில் கூடும். பெறாமகளின் கல்லூரி மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது. படித்துக்கொண்டே, விருப்பத்தினால் மட்டும் ஆடுகிறார்கள். வடக்கின் பெரும்போர் எனப்படும் யாழ்ப்பாணப் பாடசாலைக் கிரிக்கெட் போட்டிக்காக மார்ச் மாதத்தில் மத்திய கல்லூரி மைதானத்தைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தை ஒருமுறை நினைத்து, பின்னர் இந்தத் திரையில் தெரியும் சில பத்துப் பெற்றோரைப் பாருங்கள். தொலைவில் இருந்து பார்க்கும் ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை என்பது தெரியும்.

இரண்டாவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸில் கண் சொருகும். அப்போது மாறி மாறிப் பார்க்காமல் ஒருவரையே பாருங்கள்: பந்தெறிபவரின் கால்களை. களைத்தவரின் பாய்ச்சல் குறுகும், பந்து மேலே தங்கத் தொடங்கும், போல்கள் கூடும். ஓரக்குறிப்பில் எண்ணிக்கை ஏறுவதும் கண்ணில் அது தெரிவதும் ஒன்றாகச் சேரும் தருணத்தில், அடுத்த இரண்டு துடுப்பாட்டக்காரர்களுக்குள் ஏதோ நடக்கப் போகிறது என்று சொல்லிவிடலாம். அம்மா இப்போது என்னைவிட முந்திச் சொல்கிறார்.

ஆட்டம் முடிந்ததும் உடனே தொலைபேசி எடுக்காதீர்கள். பிள்ளைகள் களத்தின் ஓரத்தில் வட்டமாகக் கூடிப் பயிற்றுவிப்பாளரின் பேச்சைக் கேட்க வேண்டும், மைதானத்தைக் கூட்டிச் சீராக்க வேண்டும், வெளியூர் என்றால் பஸ்ஸில் நீண்ட பயணமும் இருக்கும். கொப்பியின் இரண்டு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பிவிட்டு விளக்கை அணையுங்கள். காலையில் எழும்பும்போது அவளுடைய பதில் வந்திருக்கும். எங்களுக்குப் பெரும்பாலும் வருவது, மூன்றாவது இன்னிங்ஸில் நாங்கள் 5-3 என்று எழுதியது உண்மையில் 6-3 என்ற திருத்தம்.