பழைய அரக்கன் படத்தை ஒலிநூலாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1931 இல் வந்த ஃப்ராங்கன்ஸ்டைன் படத்தில் அரக்கன் முதன்முதலாக வரும் இடம் பார்த்தவர்களுக்கு மறக்காது. கதவு திறக்கிறது. முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக உள்ளே வருகிறான். மெல்லத் திரும்புகிறான். கேமரா அடுத்தடுத்து அவன் முகத்தை நெருங்குகிறது. முழுக்க முழுக்கக் கண்ணுக்கான காட்சி. அதைக் காதுக்கு மாற்றப் போய்த்தான் நாங்கள் முதல் தவறைச் செய்தோம்.

கொழும்பு வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு அறையில் நாலைந்து பேர் சேர்ந்து, எங்களுக்குள் ஒரு பயிற்சியாக, அந்தக் கதையைத் தமிழில் பதிவு செய்தோம். தட்டையான உச்சந்தலை, கழுத்தின் இரு பக்கமும் இரும்பு முளை, பாதி மூடிய இமைகள் என்று கதைசொல்லி ஒன்றரை நிமிடம் வர்ணித்தார். பெரியம்மாவுக்கு அதைப் போட்டுவிட்டேன். பார்வை மங்கியவர், இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டே வளர்ந்தவர். "தம்பி, தலை தட்டையெண்டா எனக்கென்ன? அது இப்ப எங்க நிக்குது? கிட்டவோ, தூரவோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வர்ணனை வீண். எல்லாவற்றையும் வெட்டினோம். கனத்த காலடி, ஒவ்வொரு அடிக்கும் நடுவே கொஞ்சம் நீண்ட இடைவெளி, கதவுக் கீல், அப்புறம் அவனைப் படைத்த ஹென்றி மூச்சை இழுத்துப் பிடிப்பது. கதைசொல்லிக்கு ஒரே வரி: "அது திரும்பியது." இதிலும் ஒரு பொறி உண்டு. கிட்ட வருவதைக் காட்ட ஒலியளவை மட்டும் கூட்டினால் போதாது. தூரத்துச் சத்தம் அறையின் எதிரொலியோடு வரும். நெருங்க நெருங்க எதிரொலி குறைந்து, துணி உரசுவதும் மூச்சும் கேட்க வேண்டும். ஆகவே மைக்கை ஒரே இடத்தில் வைத்து, ஆளை நடக்க விடுங்கள்.

பயமான இடம் என்றாலே பின்னணி இசை போடும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் படத்தில் தொடக்கத்திலும் முடிவிலும் எழுத்து ஓடும்போது இசை வரும், நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த வெறுமைதான் பயம்.

உறுமலை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவது இன்னொரு தவறு. மூன்றாவது முறை கேட்கும்போதே காது பழகிவிடும். 1933 இன் கிங் காங் படத்துக்காக ஒலி வல்லுநர் மரே ஸ்பிவாக் சிங்கம், புலியின் உறுமல்களைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து, பின்னோக்கி ஓட்டிச் சேர்த்தார். 1954 இன் கோட்ஸில்லாவுக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே கொண்டுவந்த வழி, தோல் கையுறையால் டபுள் பேஸ் என்ற பெரிய வாத்தியத்தின் தந்தியை உரசுவது. உங்கள் வீட்டிலும் இழுபட்டால் முனகும் மேசையோ தகரமோ இருக்கும். பதிந்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பெயர்களில் கவனம். ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர், அரக்கனுக்குப் பெயரே கிடையாது. 1931 படத்தில் உதவியாள் ஃப்ரிட்ஸ். இகோர் என்ற பெயர் 1939 இல் வந்த தொடர்ச்சிப் படத்தில்தான் வருகிறது. மேரி ஷெல்லியின் நாவலில் அரக்கன் நீளமாகப் பேசுவான், இந்தப் படத்தில் முனகல் மட்டுமே. இரண்டையும் கலந்தால் கேட்பவர் குழம்புவார்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் உரிமையை முதலில் பாருங்கள். 1818 இல் வந்த நாவல் பொதுச்சொத்து. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும். ஷெல்லி இறந்தது 1851 இல். படம் வேறு விஷயம், அமெரிக்காவில் அதன் உரிமை 2026 முடியும்வரை இருக்கிறது.

கொழும்பில் பகலில் பதிவு செய்யாதீர்கள். காகம், காலி வீதி ஹார்ன், பேத்தோவன் மெட்டோடு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ எல்லாம் மைக்கில் ஏறும். கடலோர ரயிலின் அதிர்வை ஒலி வடிகட்டியால் குறைக்கலாம், ஆனால் அரக்கனின் காலடிக் கனமும் அதே தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. வடிகட்டினால் அவனும் மெலிந்துபோவான். நாங்கள் கடைசி ரயில் போனபின், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிந்தோம்.

எங்களை அதிகம் சோதித்தது ஏரிக்கரைக் காட்சி. சிறுமி மரியா அவனோடு பூக்களைத் தண்ணீரில் போட்டு விளையாடுகிறாள். பூ முடிகிறது, அவளையே தூக்கிப் போடுகிறான். அக்காலத் தணிக்கை வெட்டிய அந்தத் துண்டு 1980களில்தான் படத்தில் மீண்டும் சேர்ந்தது. பூ மிதப்பதற்குச் சத்தமே இல்லை! "அவளும் மிதப்பாள் என்று நினைத்தான்" என்று கதைசொல்லி விளக்கினால் காட்சி செத்துவிடும். அதனால் முன்கூட்டியே மரியாவின் வாயில் "மிதக்குது, பார்" என்ற சொல்லை வைத்தோம். ஒவ்வொரு பூவுக்கும் அவள் அதைச் சொல்கிறாள், அவன் மகிழ்ந்து முனகுகிறான். பிறகு அவள் அலறல், தண்ணீர்ச் சத்தம். அதற்குப் பின் நாலு விநாடி எதையும் வைக்காதீர்கள், அவன் முனகலைக்கூட.