கார் டோர் பேட் (கதவோட உள்பக்க மூடி) கழட்ட வரலையா, இழுக்காதீங்க, முதல்ல ஸ்க்ரூவ தேடுங்க

காரைக்குடில நம்ம வீட்டு முகப்புல வண்டிய நிறுத்தி ஸ்பீக்கர் மாத்துனப்ப கத்துக்கிட்டது இது. டோர் பேட் அசையலன்னா முக்கால்வாசி எங்கயோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்குன்னு அர்த்தம், உள் ஹேண்டில் குழிக்குள்ள, இழுக்குற கைப்பிடி அடியில, சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாடின்னு எல்லா இடத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. எனக்கு அந்த மூடி பேடு கலர்லயே இருந்துச்சு, நகத்தால தடவுனப்பதான் விளிம்பு தட்டுச்சு.

அப்புறம் கீழ் மூலையிலேர்ந்து பிளாஸ்டிக் பட்டைய இடுக்குல நுழைச்சு, பேட கதவோட பிடிச்சிருக்குற கிளிப்புக்குப் பக்கத்துலயே நெம்புங்க, டக்குன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க. இரும்பு ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேணாம், பெயிண்ட கீறிடும். பழைய வண்டின்னா கிளிப்பு ரொம்ப நொறுங்கும், நாலஞ்சு புதுசா முன்னாடியே வாங்கி வச்சுக்குங்க.

சுத்தி இருக்குற கிளிப்பெல்லாம் விட்டதும் நிறைய வண்டியில பேட நேரா மேல தூக்கணும், ஏன்னா மேல்விளிம்பு கண்ணாடி ஓரத்துல கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். தூக்குனதும் வெடுக்குன்னு இழுத்துராதீங்கப்பா, பவர் விண்டோ ஒயரும் லாக் கேபிளும் பின்னாடி தொங்கும், ஒரு ஆள பிடிக்கச் சொல்லிட்டு சாக்கெட்டோட லாக்க அமுக்கிக் கழட்டுங்க. உள்ள ஒட்டியிருக்குற பாலித்தீன் ஷீட்ட கிழிச்சிராதீங்க, மழைத்தண்ணி உள்ள வராம தடுக்குறதே அதுதான். கதவுலயே தங்கிப்போன கிளிப்ப பிளையர்ல எடுத்து பேடுல மாட்டிட்டுதான் திரும்ப அமுக்கணும்.