உடை குறித்து ஊழியரிடம் பேச வேண்டியிருந்தால்

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகள், கிரானைட் பட்டறைகள், நிதி நிறுவனக் கிளைகள் போன்ற சிறிய நிர்வாகங்களில் மனிதவளப் பிரிவு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் அலுவலக ஊழியர் ஒருவர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வேலைக்கு வரத் தொடங்கினால், அவரிடம் பேச வேண்டிய பொறுப்பு மேலாளர் தலையில்தான் விழுகிறது. வாரக்கணக்கில் மனத்துக்குள் புழுங்கிவிட்டு ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போடுவதும், “சிலர் ஒழுங்காக உடுத்துவதில்லை” என்று வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டுவிடுவதும் ஒரே அளவுக்குத் தீங்கானவை. அந்தச் “சிலர்” யார் என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும்.

பேசுவதற்கு முன், அந்த உடையால் எந்த வேலை கெடுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரப் பகுதியில் இதற்கான விடை தெளிவானது. ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பது, அதற்கு எண்ணெய் போடுவது போன்ற வேலைகளைச் செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றும், அதை ஆலை நிர்வாகமே வழங்க வேண்டும் என்றும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவே விதித்திருந்தது. மாங்கூழ் ஆலைகளுக்கு, 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் 4-ஆம் அட்டவணை தலையுறை, கையுறை முதலியவற்றைக் கேட்கிறது. அலுவலகத்தில் அளவுகோல் வேறு: வருகிறவர்களை நேரில் சந்திக்கும் இடத்தில் அவர் அமர்கிறாரா என்பதைப் பாருங்கள். இவற்றில் எதுவும் பொருந்தாமல், உங்கள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தால் விட்டுவிடுவதே நியாயம்.

விதி எழுத்தில் இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள். 2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் பிறப்பித்த ஆணையில் ஆண்களுக்குச் சட்டையுடன் பேண்ட் அல்லது வேட்டி, பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்று உடைகளின் பெயர்களே இடம்பெற்றன. அப்படிப் பெயர் சொல்லி எழுதினால் பிறகு வாதத்துக்கு இடமிருக்காது. முதலாளியின் மகன் டி-ஷர்ட்டில் வந்து உட்காரும் அலுவலகத்தில் அந்த விதியை அவருக்கும் சேர்த்தே எழுத வேண்டும்; அது முடியாதென்றால் மற்றவரிடம் பேச்சைத் தொடங்காதீர்கள்.

பேசுவதற்கு மாலை நேரமே ஏற்றது. காலையில் சொன்னால், மாற்றிக்கொள்ள வழியில்லாத உடையோடு அவர் நாள் முழுவதும் கூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இயந்திரப் பகுதியில் மட்டும் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். தனியறையில் உட்காரவைத்து, ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: “தம்பி, உங்க வேலையில எந்தக் குறையும் இல்ல. ஆனா மாங்காய் போட்ட விவசாயிங்க பணம் வாங்க வர்றப்ப முன்னால இருக்கறது நீங்கதான். அந்த இடத்துல அரைக்கால் சட்டை வேணாம். நாளையிலருந்து பேண்ட், காலர் வச்ச சட்டை, ஷூ போட்டுட்டு வாங்க. அதுல ஏதாவது சிரமம் இருக்கா?” அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். இந்த உரையாடலில் மிக முக்கியமான இடம் அதுதான்.

அவர் சிரமம் ஒன்றைச் சொன்னால் அதற்கு வழி செய்யுங்கள். காவேரிப்பட்டணம் பக்கமிருந்து மழையில் பைக்கில் வருபவருக்கு நனையாத சட்டை ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ள ஓர் அலமாரி போதும். புதிதாகச் சேர்ந்தவரிடம் நல்ல பேண்ட் ஒன்றுதான் இருக்கிறது என்பது தெரியவந்தால், முதல் சம்பளம் வரும்வரை பொறுத்திருங்கள், அல்லது நிறுவனச் செலவில் இரண்டு சட்டைகள் வாங்கிக் கொடுங்கள். வெயிலில் தொடை உராய்ந்து புண்ணாகியிருந்தால் அது ஆறும்வரை உள்ளறையில் வேலை கொடுக்கலாம்.

பெண் ஊழியரிடம் மூத்த பெண் ஊழியர் ஒருவர் பேசுவதே முறை. அந்த மூத்த ஊழியரால் பேச இயலாதபோது, நீங்கள் பேசும் இடத்தில் அவர் உடனிருக்கவாவது வேண்டும். உடையின் பெயரைத் தாண்டி உடலமைப்பைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. பாலியல் தொனியுள்ள பேச்சும் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகாருக்குரியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கான உள்ளகக் குழுவும் இருந்தாக வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியுடன் வருபவரையும், ஹிஜாப் அணிபவரையும் இந்தப் பேச்சுக்குள் இழுக்காதீர்கள். மாலை போட்டவர் வெறுங்காலுடன் கிரானைட் வெட்டும் இடத்தில் நிற்பது மட்டும் ஆபத்தானது என்பதால், விரதம் முடியும்வரை அவருக்கு வேறு இடத்தில் வேலை ஒதுக்குங்கள்.

நீங்கள் பேசிய மறுநாள் அந்த ஊழியர் சரியாக உடுத்தி வந்தால் அதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். பாராட்டு என்ற பெயரில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வதும் அவரைக் குத்தும். ஒரு வாரத்துக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் மறுபடி தனியாக அழைத்து, முன்பு பேசிய தேதியை நினைவூட்டி, விதியின் நகலில் கையெழுத்து வாங்கி அவருடைய கோப்பில் வையுங்கள். உடைக்காக நாள் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யவே வேண்டாம்.