ஸ்லைடு ஃபிலிம் கழுவ நல்ல லேப் பார்ப்பது எப்படி?

கோவையிலோ ஈரோட்டிலோ கலர் லேபில் "ஃபிலிம் கழுவித் தர்றோம்ங்க" என்றதும் ரோலை நீட்டிவிடாதீர்கள். அநேகமாக அது நெகட்டிவுக்கான சி-41 கெமிக்கல். எக்டாக்ரோம் போன்ற ஸ்லைடு ஃபிலிம் (நேரடியாகவே பாசிட்டிவ் படம் தருவது) அதில் இறங்கினால் நிறம் திரிந்த நெகட்டிவ்தான் மிஞ்சும்; மீட்க வழியில்லை.

ஸ்லைடு ஃபிலிம் கழுவும் கெமிக்கல் முறைக்குப் பெயர் இ-6. "இ-6 ஓட்டறீங்களா, எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்று கேளுங்கள். ரோல்களைச் சேர்த்து, புது கெமிக்கல் கலந்து ஓட்டுபவர்களை நம்பலாம். ஃபிலிம் முதலில் இறங்கும் கெமிக்கலான முதல் டெவலப்பர் 38 டிகிரி செல்சியஸ், சுமார் 6 நிமிடம். அரை டிகிரி பிசகினாலே அடர்த்தி மாறிவிடும்.

முதலில் ஒரு சோதனை ரோல் கொடுங்கள். லைட் பாக்ஸில் வைத்து, வெளிச்சம் படாத ஓரத்தைப் பாருங்கள்: கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் முதல் டெவலப்பரில் நேரமோ சூடோ கூடியிருக்கலாம், இல்லை ஃபிலிமே வெப்பத்தில் கெட்டிருக்கலாம். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் ரோலை வைக்கவே வைக்காதீர்கள்.