மழைக்காலத்தில் ஹோ மழைக்காட்டுக்கு கேம்பர் வேனில் போவது எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குக் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வேன், எடுத்துக்கொண்டு போகும் யோசனையா? அங்குள்ள ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை கொட்டுகிறது. மழை மாதங்கள் என்று தயங்காதீர்கள், தாராளமாகப் போங்கள். மரத்தைப் போர்த்தியிருக்கும் பாசி முழுப் பச்சையில் ஜொலிப்பது அப்போதுதான். வேனுக்குள் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

1. கிளம்பும் முன்

பூங்காவில் வேனை நிறுத்தித் தங்கும் ஹோ, மோரா, க்ளேலாக் கேம்ப்கிரவுண்டுகளில் மின் இணைப்பு கிடையாது. மேகமும் மரக்கூரையும் சேர்ந்தால் சோலார் பேனலால் பெரிய பயன் இருக்காது, அதனால் வண்டி ஓடும்போதே பேட்டரி சார்ஜ் ஆகும்படி வைத்துக்கொள்ளுங்கள். சாலை நிலவரத்தைக் கட்டாயம் பாருங்கள்: 2024 டிசம்பர் வெள்ளம் ஹோ காட்டுக்குப் போகும் ஒரே சாலையை அரித்துவிட்டது, மறுபடி திறக்க 2025 மே ஆகிவிட்டது. வரைபடத்தையும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையையும் முன்பே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது.

2. நிறுத்தும் இடம்

பட்ட மரம், தொங்கும் கிளை, இவற்றுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வெளிக்கூரைத் துணியை விரித்தால் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நடுவில் தேங்கி, அந்தக் கனத்திலேயே கம்பி வளைந்துவிடும்.

3. ஈரத்தைச் சமாளிப்பது

இதில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். குளிருகிறதே என்று எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுத் தூங்கினால், மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியிலும் இரும்புச் சுவரிலும் படிந்து, விடியும்போது மெத்தையின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கும். கூரை விசிறியைக் கொஞ்சமாகத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. வெந்நீர் வைக்கும்போது விசிறி ஓடட்டும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை வேனுக்குள் எரிக்கவே கூடாது: கேஸ் எரிந்தால் நீராவியும் வரும், கார்பன் மோனாக்சைடும் வரலாம், பின்னது உயிரையே எடுத்துவிடும். அதற்கான அலாரம் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். அப்புறம், நனைந்த மழைக்கோட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, மூடியுள்ள ஒரு தொட்டியில் போட்டுவிடுங்கள்.

4. காடு

ஹால் ஆஃப் மாஸஸ் பாதை 1.3 கி.மீ.தான், ஆனால் அவசரப்படாதீர்கள். விழுந்து கிடக்கும் மரத்தின் மேலேயே ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களின் கன்றுகள் வரிசையாக முளைத்திருக்கும். பல காலம் கழித்து அடிமரம் மக்கிப்போக, வேர்கள் மட்டும் கால் பரப்பி நிற்கும், நடுவே குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரியும். இதைப் பார்க்கவே எத்தனை தூரமானாலும் வரலாம்.

5. கடற்கரை

இதே பூங்காவின் கடலோரத்தில் இருக்கும் ரியால்டோ பீச்சிலிருந்து ஹோல் இன் தி வால் பாறைக்குப் போய்த் திரும்பக் கிட்டத்தட்ட 5 கி.மீ. நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே கிளம்பி, ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள். கரையில் ஒதுங்கியிருக்கும் ராட்சத மரத்தடிகள் அசையாதவை போலத் தெரியும், ஆனால் ஒரு பெரிய அலை வந்தால் அவற்றைத் தூக்கிப் புரட்டிவிடும், ஆளையே நசுக்கும். அலை எட்டும் இடத்தில் அவற்றின் மேல் ஏறாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள்.

6. திரும்பியதும்

அன்றைக்கே மெத்தையை வெளியே எடுத்து, அலமாரிகளையும் கதவுகளையும் திறந்து போட்டு வேனைக் காயவிடுங்கள். அப்படியே மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், அந்த வாடை லேசில் போகாது.