முதல் மனை வாங்கும்போது பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலுக்கே வேன் வந்துவிடும். செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம் போகிற வழியில் ஒரு வெட்டவெளியில் இறக்கிவிடுவார்கள். கலர் கொடிகள், வெள்ளையடித்த கற்கள், புதிதாகக் கொட்டிய செம்மண் ரோடு, சாமியானாவுக்குக் கீழே மதிய சாப்பாடு. "இன்னிக்கே டோக்கன் போட்டா சதுர அடிக்கு அம்பது ரூபா குறையும் சார். கார்னர் மனை ஒண்ணுதான் பாக்கி." பத்தாயிரமோ இருபதாயிரமோ அங்கேயே கை மாறுகிறது. கையில் வரும் ரசீதில் மனை எண் இருக்கும். அரசு நிலப் பதிவேட்டில் அந்த நிலத்தைக் குறிக்கும் சர்வே எண் இருக்காது.

நிலத்தில் முதன்முதலாகப் பணம் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். அட்வான்ஸ் முதலில், பத்திரம் பார்ப்பது அப்புறம். காசு கொடுத்துவிட்ட பிறகு நம் மனசு மாறிவிடுகிறது. வக்கீல் ஒரு சந்தேகம் சொன்னால்கூட, கொடுத்த பணம் போய்விடுமே என்று நாமே சமாதானம் தேடிக்கொள்கிறோம். விலை ஏறுமா என்று பத்துப் பேரிடம் கேட்கிறவர்கள், விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. சர்வே எண், தாய்ப்பத்திர (நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்) நகல், பட்டா நகல் இந்த மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "அட்வான்ஸ் போட்டாத்தான் ஜெராக்ஸ் தருவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருந்தாக வேண்டும். அது இல்லாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. பதிவு இருந்தாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ரேரா எண்ணை நோட்டீஸில் பார்த்தால் போதாது. ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு, மனை எண்ணும் வரைபடமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையே மனையாக விற்ற கதைகள் உண்டு.

வில்லங்கம் "இல்லை" என்று வந்தால்

தரகர் நீட்டும் வில்லங்கச் சான்றிதழை (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்த்துவிட்டு எல்லாம் சுத்தம் என்று நினைப்பது அடுத்த தவறு. பதிவுத்துறை இணையதளத்தில் அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எந்த எண்ணுக்குப் பார்க்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

உங்கள் மனையின் இன்றைய சர்வே எண் 112/3பி2 என்று வைத்துக்கொள்வோம். 2014-ல் உட்பிரிவு செய்தபோது வந்த எண் இது. அதற்கு முன் அது 112/3பி. அதற்கும் முன் வெறும் 112/3. பழைய பத்திரங்கள் எல்லாம் பழைய எண்ணில்தான் பதிவாகியிருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டு முப்பது வருடத்துக்குத் தேடினால், 2014-க்கு முன்னால் எதுவுமே இல்லாததுபோல் தெரியும். அந்தக் காலத்தில் போட்ட அடமானமோ, பாகப்பிரிவினையோ, வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த கிரையமோ 112/3-க்குக் கீழே இருக்கலாம். அதனால் தாய்ப்பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்ற பெயர்களை ஒரு தாளில் சங்கிலி போல எழுதி வாருங்கள். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அங்கே நின்று கேளுங்கள்.

அப்படியும் வில்லங்கத்தில் வராத விஷயங்கள் இருக்கின்றன. உயில் பதிவாகியிருந்தாலும் வராது. பதிவு செய்யாத ஒப்பந்தம் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது. ஒரிஜினல் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். அது யாரிடமாவது கடனுக்காக இருக்கலாம்.

கையெழுத்துப் போடாத மகள்

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பா மதுரைக்கு வெளியே ஆறு சென்ட் வாங்கினார். நிலம் இறந்துபோன ஒரு பெரியவருடையது. மூன்று மகன்களும் வந்து கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள், கிரையம் முடிந்தது. நான்கு வருடம் கழித்து, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பெயரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. "எங்கப்பா சொத்துல எனக்கும் பங்கு இருக்கே, என்னை யாரும் கேக்கலையே?" அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கேட்காமல் வாங்கியது எங்கள் தவறு. சித்தப்பா கடைசியில் அந்த அம்மாவுக்கு ஒரு தொகை கொடுத்து, பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். அலைந்த அலைச்சலுக்குக் கணக்கே இல்லை.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தானே சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. 1956-லிருந்தே சட்டம் இதுதான். பலர் மறந்துபோகும் இன்னொருவர், இறந்தவரின் தாய். மகன் இறக்கும்போது அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்கு மகன்களைப் போலவே உரிமை உண்டு என்பதை 2005-ல் வந்த சட்டத்திருத்தம் நாடு முழுவதற்கும் ஆக்கியது. ஆகவே வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் பத்திரத்தில் வருகிறார்களா என்று விரல் விட்டு எண்ணுங்கள். மைனர் யாராவது இருந்தால் வக்கீலைக் கேட்காமல் நகராதீர்கள்.

பவர் பத்திரத்தை (உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தருவது) வைத்து ஒருவர் விற்க வந்தால், பவர் கொடுத்தவரை நேரிலோ போனிலோ ஒருமுறை பிடித்துப் பேசிவிடுங்கள். பொதுவாக, கொடுத்தவர் இறந்ததும் பவரும் முடிந்துவிடும்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்"

மனைப்பிரிவுக்கு டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) சிஎம்டிஏவோதான் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி தர முடியும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது எத்தனையோ பேரின் சேமிப்பு அப்படியே முடங்கியது. அப்படிப்பட்ட மனைகளைச் சட்டப்படி ஆக்க 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். இன்றைக்கும் விலை குறைவாக இருக்கிறதே என்று அனுமதியில்லாத மனையை வாங்குகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

நிலத்தின் வகையை வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, கோயில் நிலம், பட்டியலின மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எதுவாக இருந்தாலும் தொடாதீர்கள். அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். கோடையில் எல்லா மனையும் மேட்டு மனைதான்.

ரெட்டிப்புக் கணக்கு

"பத்து வருஷத்துல டபுள்" என்பார்கள். 20 லட்சத்துக்கு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 1.8 லட்சம் போகும். தரகும் வக்கீல் செலவும் சேர்த்து 22 லட்சம் என்று வையுங்கள். பத்து வருடத்தில் 40 லட்சத்துக்கு விற்றால் அது வருடத்துக்குச் சுமார் 6 சதவீதம்தான். லாபத்தின் மேல் 12.5 சதவீத வரியும் இருக்கிறது. இதே மனையை 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி வாங்கினால் கையைக் கடிக்கும். அவசரத்துக்கு நினைத்த நாளில் விற்கவும் முடியாது. மருத்துவச் செலவுக்கென்று வைத்திருக்கும் பணத்தை மனையில் போடாதீர்கள்.

பாதி வெள்ளை, பாதி ரொக்கம் என்ற பேச்சுக்கும் உடன்படாதீர்கள். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வழக்கு என்று வந்தால், ரொக்கமாகக் கொடுத்த பாதியை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

பத்திரம் பதிந்ததும் வேலை முடிந்தது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பட்டா உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் ஊன்றி, முடிந்தால் கம்பி வேலி போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து மனைக்காரரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். யாராவது உங்கள் கல்லைப் பிடுங்கினால் முதலில் தெரியப்போவது அவருக்குத்தான்.